நகப்பூச்சுக் கோடு

கோடை தொடங்கி இரண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கிட்டார்க்காரர் உள்ளே வந்தார். ஒரு கையில் கிட்டார், மறு கையில் ஆம்ப் எனும் ஒலிபெருக்கிப் பெட்டி.

"மேடம், இருக்கறதுலயே பெரிய ஓவர்டிரைவ் பெடலா எடுங்க. இது செத்துப்போச்சு."

காலால் அழுத்தினால் கிட்டாரின் ஒலியைத் தடிக்கச்செய்து கரகரக்கவைக்கும் சிறிய பெட்டி அது. தோள்பையிலிருந்து அவர் எடுத்து வைத்த பழைய பெடலைக் கடைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சோதித்தார். விளக்கு எரிந்தது, ஒலியும் வந்தது.

"நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"இங்க நல்லாத்தான் இருக்கும். மேடையில கேக்கவே மாட்டேங்குது. போன ரெண்டு நிகழ்ச்சியிலயும் சும்மா கையை ஆட்டிட்டு நின்னேன். இந்தச் சனிக்கிழமையும் இப்படின்னா இனிமே கூப்பிட மாட்டோம்னு அரங்கத்துல சொல்லிட்டாங்க."

"குழுவுல ஏதாவது மாறிச்சா?"

"பாஸ் கிட்டார் வாசிக்கறவரை மாத்தினோம். பழைய ஆள் எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர். எட்டு வருஷம் என் பக்கத்துல நின்னார். அவர் வாசிச்சது ஒருநாளாவது யார் காதுலயாவது விழுந்திருக்கணுமே! 'மாமா, கரன்ட் வருதான்னு பாருங்க'ன்னு கிண்டல் பண்ணுவோம். சிரிச்சுட்டு நிப்பார். பங்கு மட்டும் சமமா வாங்கிப்பார்."

"அப்புறம்?"

"போன மாசம் குரூப்புல மெசேஜ் போட்டேன், 'ரெஸ்ட் எடுங்க மாமா'ன்னு. 'சரி மாப்ளே'ன்னார். முடிஞ்சுது. புதுசா வந்திருக்கற பையன் வாசிச்சா தரையே அதிருது."

அம்மாள் சிவப்புப் பெடல் ஒன்றை எடுத்து இணைத்தார். கிட்டார்க்காரர் ஒருமுறை மீட்டினார். கடைக் கண்ணாடிகள் சிலிர்த்தன.

"இதுதான்! இதுதான் மேடம்!" என்று பர்ஸை எடுத்தார்.

"அவசரப்படாதீங்க. பெடலைத் தனியாக் கேட்டு வாங்கக் கூடாது. இதை நான் சொல்லல, போன மாசம் இங்க வந்த ஒருத்தர் சொன்னார்."

சுவரில் தொங்கிய, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பழைய பாஸ் கிட்டார் ஒன்றை அம்மாள் இறக்கினார். கிட்டார்க்காரர் புருவத்தைச் சுருக்கினார்.

"இது மாமாவோடதாச்சே!"

"வித்துட்டுப் போனார்."

"பார்த்தீங்களா? ஒரு மாசம் வெச்சிருக்க முடியல. அவ்வளவுதான் அவரோட சங்கீதம்."

இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். கிட்டார் கணீரென்று மேலே நின்றது.

"சொன்னேன்ல? பெடல் பிரமாதம்!"

"உங்க புதுப் பையன் எப்படி வாசிப்பான்னீங்க? அதிரும்னுதானே?"

அம்மாள் பாஸின் அடித்தொனிக் குமிழை முழுவதும் திருப்பினார். மறுபடி வாசித்தார்கள். கிட்டாரைக் காணோம். கிட்டார்க்காரர் ஓங்கி மீட்டினார். கை வலித்ததே தவிர, ஒலி எழவில்லை.

அம்மாள் குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். கிட்டார் திரும்பி வந்தது.

"இன்னொரு தரம்" என்றார் கிட்டார்க்காரர். மூன்று தரம் செய்து பார்த்தார்கள்.

அப்போதுதான் குமிழின் ஓரத்தில் இருந்த கோட்டைப் பார்த்தார். மேடை இருட்டிலும் தெரியும்படி தடிமனாக இழுத்த, ஊதா நிற நகப்பூச்சுக் கோடு. தேய்ந்த இடத்தில் மேலும் மேலும் பூசியிருந்தது. அந்த நிறத்தை அக்காவின் விரல்களில் பல வருடம் பார்த்திருக்கிறார்.

"அப்ப, எட்டு வருஷமா மாமா இந்தக் கோட்டைத் தாண்டவே இல்லையா..."

கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து, பச்சை நிறப் பெடல் ஒன்றை வைத்தார். கிட்டார்க்காரர் அதை இணைத்துத் தனியாக மீட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஜலதோஷம் பிடிச்சவன் பேசற மாதிரி இருக்கே?"

"உங்க கிட்டாரும் ஆம்பும் ஏற்கெனவே தடிச்ச சத்தம். இது அடித்தொனியைக் குறைச்சு நடுவை மட்டும் தூக்கும். தனியா நல்லா இருக்காது. நாலு பேர் நடுவுல நீங்க தெரிவீங்க."

பாஸின் குமிழை மறுபடி முழுவதும் திருப்பி, இருவரும் வாசித்தார்கள். தரை அதிர்ந்தது, அதற்கு மேலே கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

"இதையே கொடுங்க. எவ்வளவு?"

"பணம் வந்தாச்சு தம்பி."

பெடலின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை அம்மாள் பிரித்து நீட்டினார். கிட்டார்க்காரருடைய கிட்டாரின் பெயர், ஆம்பின் பெயர், ஒவ்வொரு குமிழையும் எந்த எண்ணில் வைப்பார் என்பது வரை, மாமாவின் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது. கடைசி வரி: 'பெடல் சரியில்லை என்று வருவான். நான் சொன்னேன் என்று சொன்னால் வாங்க மாட்டான்.'

கிட்டார்க்காரர் கைபேசியில் மாமாவின் எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியில் துண்டித்துவிட்டார். பிறகு, "அந்த பாஸ் என்ன விலை மேடம்?" என்றார்.

அன்று மாலை அதை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனார். மாமா வாங்கி, உறையைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "காபி குடிச்சுட்டுப் போ மாப்ளே" என்றார்.

சனிக்கிழமை, கடைசி வரிசை வரைக்கும் கிட்டார் கேட்டது. "புதுப் பெடலா? அருமையான தேர்வு!" என்று அரங்க நிர்வாகி கையைக் குலுக்கினார். கிட்டார்க்காரர் தலையை மட்டும் ஆட்டினார். மாமா வரவில்லை, அதன்பின் எந்த மேடைக்கும் வரவில்லை.

பாஸுக்கான தொகையைக் கிட்டார்க்காரர் செலுத்தியது, அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு. பச்சைப் பெடலுக்கான தொகையை மாமா செலுத்தியது, 'ரெஸ்ட் எடுங்க' என்ற மெசேஜ் வந்த மறுநாள் காலையில், பாஸை விற்ற கையோடு.