சாண் நீள பில்டர்

ஆயில் பில்டர் எவ்வளவு பெரிதோ, என்ஜினுக்கு ஆயுள் அவ்வளவு பெரிது என்பது திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி முதலாளி தீனதயாளன் உலகுக்கு அளித்த தத்துவம். அந்த ஆயுள் இப்போது அவர் வீட்டு வாசலில் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. திருகு மரை பொருந்துகிறதே என்று தன் காருக்கு அவர் தேடி மாட்டிய சாண் நீள பில்டர், வேகத்தடையில் இடித்து நசுங்கித் தொங்குகிறது. கோலத்தின் புள்ளிகளை எண்ணெய் ஒவ்வொன்றாக விழுங்க, காலை வெயில் அதில் வானவில் காட்டுகிறது. பட்டுச்சேலையில் நிற்கும் மனைவி ஸ்ரீதேவியின் கையில் போன் விடாமல் அலறுகிறது. "மணவறையில தாய்மாமன் உங்களத் தேடறாங்களாம். ஏனுங்க, கம்பெனி போட்ட பில்டர் பத்தலைன்னு காரு உங்ககிட்ட அழுதுச்சுங்களா?" வெள்ளை வேட்டி அழுக்காகக் குனிந்திருப்பவர், "பழசையே உட்டிருக்கலாம் கண்ணு" என்கிறார். வாசலுக்கு நேராக அந்த வேகத்தடையைக் கேட்டுப் போடவைத்தவரும் அவர்தான்.