படகில் ஒரு கையெழுத்து

“இடது பக்கமா போங்க” என்றார் அவள் கணவர், படகோட்டியிடம்.

படகு ஏற்கெனவே இடது பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து இது பதினோராவது தடவை. எண்ணக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறாள்.

படகோட்டி அருளப்பன் தன் போக்கில் ஓட்டினார். அவருக்கு இந்த ஏரியும் ஏரியில் வந்து சேரும் ஆறும் இருபது வருடப் பழக்கம். அவள் கணவர் குணசீலனுக்கு இன்று காலை ஒன்பது மணியிலிருந்து பழக்கம்.

மோட்டார் படகை நாள் முழுவதற்கும் எடுத்தது அவர்தான். “உனக்கும் மனசு ஆறுதலா இருக்கும்” என்றார்.

ஆறுதல் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

இருபத்துநான்கு வருடமாகக் கணக்கு டீச்சர். இப்போது தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில். வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும். சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சம்மதமில்லை என்று அவரே டைப் அடித்துவிட்டார்.

“உன் முட்டிவலிக்காகத்தான் சொல்றேன்.”

முட்டி அவளுடையது.

ஏரியைக் கடந்து ஆற்றுக்குள் நுழைந்தார்கள். இரு கரையிலும் நாணல். ஒரு முக்குளிப்பான் பறவை தலையைக் காட்டிவிட்டு முங்கியது. அது எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க என்ன பார்க்கறே? இந்தப் பக்கம் பாரு, கோயில்.”

திரும்பினாள். அதற்குள் கோயில் போய்விட்டது.

அவர் காட்டிய மரத்தடியில் படகை நிறுத்தி, புளியோதரையைச் சாப்பிட்டார்கள். திரும்பும் வழியில் அவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்.

“அங்க ஆகாயத்தாமரை அடர்ந்து கிடக்கு சார். மாட்டிக்கும்.”

“மெதுவா போனா ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல.”

மாட்டிக்கொண்டது.

இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அருளப்பன் பின்பக்கம் குப்புறப் படுத்து, தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டார். இன்ஜின் விசிறியில் சுற்றியிருந்ததை வேரும் தண்டுமாகப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்.

“இன்ஜினை ஒழுங்கா பராமரிக்கறதில்ல” என்றார் குணசீலன்.

அவளுக்குப் பல் வலித்தது. எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தாளோ.

முக்கால் மணி நேரம். தலைக்கு மேல் வெயில்.

அவர் பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார்.

“சும்மாதானே உக்காந்திருக்கோம். இப்பவே கையெழுத்துப் போட்டுடு.”

பேனாவை வாங்கிக்கொண்டாள்.

கடிதத்தின் அடியில் அவள் பெயர் இனிஷியலோடு சரியாக இருந்தது. அதற்கு மேலே, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’.

இரண்டு முறை படித்தாள்.

இன்ஜின் உயிர் பெற்றது. படகு பின்வாங்கி, சுற்றி வளைத்து, திறந்த ஏரிக்கு வந்தது. அவள் பேனாவை மூடினாள். கடிதத்தின் மேல் வைத்து அவரிடமே கொடுத்தாள்.

எழுந்து முன்னால் போனாள்.

“அண்ணே, நான் கொஞ்ச நேரம் ஓட்டலாமா?”

அருளப்பன் அவளைப் பார்த்தார். குணசீலனையும் பார்த்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இடம் விட்டார்.

“இவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது” என்றது பின்னாலிருந்து குரல். “நேராப் பிடி. ரொம்ப ஒடிக்காதே. வலது பக்கம் பாரு.”

வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று கேட்டாள். அருளப்பன் பக்கத்திலிருந்த நெம்புகோலைக் காட்டினார்.

தள்ளினாள்.

படகின் மூக்கு எழுந்தது. இன்ஜின் அலறியது. அதற்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் அசைந்துகொண்டேயிருந்தது.

அருளப்பன் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குணசீலன் கம்பியைப் பிடித்துத் தட்டுத் தடுமாறி முன்னால் வந்தார். கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, அடியில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“தள்ளி நில்லுங்க” என்றாள். “எதிர்ல மறைக்குது.”

அது அவருக்குக் கேட்டது.