மானஸாவின் நாற்காலி

"அங்கிள், அந்த சேர்ல மட்டும் யாரையும் உக்கார விடாதீங்க. மானஸாவுக்கு வெச்சிருக்கேன்."

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே கிரீஷ் இதைச் சொன்னது, பார்ட்டி கொடுக்கும் கஸ்தூரிரங்கனிடம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கிரீஷின் மனைவி கயல்.

முன்வரிசையில் நட்ட நடு நாற்காலி. மேடைக்கு நேர் எதிரே. கட்டினவள் எங்கே உட்காருவாள் என்று ஒரு வார்த்தை கேட்டானா?

டெக்ஸஸில் ஃபிரிஸ்கோ. கஸ்தூரிரங்கன் அங்கிளின் ரிட்டயர்மென்ட் பார்ட்டி. பட்டு வேட்டியும் கௌபாய் தொப்பியுமாக அவர் பேக்யார்டை வளைய வந்துகொண்டிருந்தார். கௌபாய்களின் கன்ட்ரி மியூசிக் என்றால் மனிதருக்கு உயிர். அதனால்தான் கிரீஷ் வாசிக்கும் பேண்டைக் கூப்பிட்டிருந்தார். ஐடி வேலையை உதறிவிட்டு வாசிக்க வந்தவன் கிரீஷ். இந்த மாதிரி பார்ட்டிகள்தான் இப்போது அவன் பிழைப்பு.

மானஸா வந்தாள். ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அவள்தான் கர்னாடகப் பாட்டு டீச்சர். மாம்பழக் கலர் புடவை, தலையில் மல்லி வேறு. டெக்ஸஸில் இவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் மல்லி கிடைக்கிறதோ! நேரே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையில் கிரீஷின் முகத்தில் பல்ப் எரிந்தது.

கொஞ்ச மாதமாகவே வியாழக்கிழமை சாயந்திரம் ஆனால் கிரீஷ் மானஸா வீட்டுக்கு ஓடுகிறான். ஏன் என்றால் "ப்ராக்டிஸ்." கௌபாய் பாட்டுக்கும் கர்னாடக டீச்சருக்கும் என்ன ப்ராக்டிஸ்? அதற்கு மேல் எது கேட்டாலும் "ம்." சாம்பாரில் உப்பு சரியா என்றாலும் "ம்." உனக்கு என்னதான் ஆச்சு என்றாலும் அதே "ம்."

இன்றைக்கு ரெண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் நியூ ஜெர்ஸியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்புவதாக முடிவு. சூட்கேஸ்கூட கார் டிக்கியில் தயாராக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. பேண்டின் பாடகன் கர்டிஸ் பாட, பின்னால் ட்ரம்ஸ் முழங்க, கிரீஷின் விரல்கள் கிட்டாரில் ஓடின. கண் மட்டும் மானஸாவை விட்டு நகரவில்லை. அவளோ தொடையில் தட்டி, திருப்பி, விரல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கயலுக்குப் பக்கத்தில் நின்ற அனந்தலக்ஷ்மி ஆன்ட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாரேன் கயல், கௌபாய் பாட்டுக்குத் தாளம் போடறா! டீச்சர் புத்தி எங்க போகும்?"

"அவ என்ன வேணா போடட்டும் ஆன்ட்டி. இவன் எதுக்குக் கண் கொட்டாம அவளையே பாக்கறான்?"

ஆன்ட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு போண்டாத் தட்டோடு நகர்ந்துவிட்டாள்.

இடைவேளையில் கயல் மேடையின் பின்பக்கமாக ஏறினாள். கிரீஷ் முதுகைக் காட்டியபடி கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"கிரீஷ், உனக்கு நான் வேணுமா, அவ வேணுமா?"

அவன் திரும்பவே இல்லை.

"சொல்லு. இப்பவே கிளம்பிடறேன்."

அதற்கும் அசையவில்லை. அதே நேரம் கீழேயிருந்து மானஸா தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். உடனே சிரித்துக் கையை நீட்டினான். கயலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுதால் அந்த மல்லிக்காரிக்குக் கொண்டாட்டம் என்று விழுங்கிக்கொண்டு இறங்கினாள்.

மறுபடி கச்சேரி தொடங்கும் நேரம் பார்த்து மானஸாவுக்கு போன் வந்தது. எழுந்து வீட்டுக்குள் போனாள். கர்டிஸ் காத்திருக்காமல் பாட்டை எடுத்துவிட்டான்.

கிரீஷ் தடுமாறினான். ட்ரம்ஸ் ஒரு பக்கம் போக, கிட்டார் வேறொரு பக்கம் ஓடியது. திரும்பித் திரும்பி ட்ரம்ஸ்காரனைப் பார்த்தான். கர்டிஸ் முறைத்தான். அங்கிள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கவலையாகப் பார்த்தார்.

ஓஹோ, அவ இல்லேன்னா துரைக்குக் கையே ஓடாதோ! கயலுக்கு வந்த ஆத்திரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த நடு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பாரு, இப்ப என்னைப் பாரு.

பார்த்தான். ஆனால் அவன் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. மடியில் சும்மா கிடந்த கைகளுக்கு இறங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை.

மூச்சிரைக்க மானஸா ஓடி வந்தாள்.

"எழுந்துக்க மாட்டேன்," என்றாள் கயல். "என் புருஷன் பாக்கணும்னா என்னைப் பாக்கட்டும்."

மானஸா சண்டைக்கு நிற்கவில்லை. நாற்காலி ஓரம் புல்லில் மண்டியிட்டு, கயலின் வலது கையைப் பிடித்து அவள் தொடையிலேயே தட்டினாள்.

"நீங்களே உக்காருங்க கயல், அவருக்கும் அதான் ஆசை. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல," என்று கிசுகிசுத்தாள். "கைய நிறுத்தாம தாளம் போடுங்க... அவருக்குக் காது கேக்கல."