சகலை வரட்டும்

பில் போட்டு, பணம் கட்டி, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் போனை எடுத்தார்.

“சகல, நான்தான். லேப்டாப் வாங்கலாம்னு கடைக்கு வந்திருக்கேன். விண்டோஸை விட்டுட்டு உங்க பக்கம், மேக்குக்கு வந்துடலாமான்னு ஒரு யோசனை. எதை எடுக்கிறதுன்னுதான் ஒண்ணும் புரியலை.”

விற்பனைப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து தொண்டைத்தண்ணீர் வற்ற அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாங்கியும் முடித்துவிட்டு, இப்போது யோசனை என்கிறாரே, மொழிபெயர்ப்பு வேலைக்கென்று கேட்டு வந்த இந்த மனிதர். திருப்பிக் கொடுக்க அடி போடுகிறாரோ?

எதிர்முனையிலிருந்து முணுமுணுப்பாக ஏதோ மறுப்பு கேட்டது.

“போன்ல சொன்னா என் மண்டையில ஏறாது சகல. நீங்க நேர்ல வந்து பார்த்துச் சொன்னாத்தான் உண்டு. விட்டா இவங்க எதையாவது என் தலையில கட்டிடுவாங்க போலிருக்கு.”

சொல்லிவிட்டு அவளிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார்.

போனை வைத்ததும் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “இதை உள்ளே வச்சிடும்மா. என் மனைவியோட அக்கா வீட்டுக்காரர் வருவார். அவர்கிட்ட மறுபடி முதல்லேருந்து சொல்லணும். நான் இன்னும் எதையும் வாங்கலை.”

ஏன் என்ற கேள்வி அவள் வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

வருவதாகச் சொன்னவர் சீக்கிரத்தில் வரவில்லை. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

கடைசியில் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். மழிக்காத முகம். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. காலில் வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு. கடையின் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடலாமா என்று யோசிப்பவரைப் போல இருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் ஓடிப்போய் அழைத்து வந்தார்.

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வந்தவர் யாரையும் பார்க்காமல் “ம்” கொட்டினார். அடுத்ததற்கும் ஒரு “ம்”. மூன்றாவது லேப்டாப்பைக் காட்டியபோது கையை நீட்டித் தடுத்தார்.

“இதுல ரெண்டே ரெண்டு போர்ட்தான் இருக்கு. பழைய பென் டிரைவெல்லாம் எங்கே சொருகுவான், மூக்குலயா?”

அதன் பிறகு பேச்சு அவள் கையில் இல்லை. வந்தவர் பத்திரிகையில் முப்பது வருடம் மேக்கில் படங்களைத் திருத்தியவராம். திரையைச் சாய்த்துப் பார்த்தார், விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரை ஒவ்வொன்றின் முன்னாலும் உட்காரவைத்து ஒரு பத்தி தமிழில் அடிக்கச் சொன்னார்.

“பெரிய திரையை வச்சுக்கிட்டு சினிமாவா பார்க்கப்போறே? எழுதுறவனுக்கு விரல் வலிக்கக் கூடாது. அதைப் பாரு முதல்ல. இத்தனை வருஷமா சொல்றேன், காதுல வாங்கினியா நீ?”

திட்டு வாங்கியவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

நடுவில் அவர் மெல்ல நழுவி, ஹெட்போன்கள் மாட்டியிருந்த சுவரோரம் போய்ப் போனில் மனைவியை அழைத்தார். விலைச் சீட்டு எடுக்க அந்தப் பக்கம் போன விற்பனைப் பெண்ணின் காதில் அது விழுந்தது.

“வந்துட்டார். ஆமா, அவரேதான். உங்கக்கா தவறிப்போனதிலேருந்து இன்னிக்குத்தான் வாசல் தாண்டியிருக்கார்.” சற்று நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். “இல்லைம்மா, அழலை. என்னைத் திட்டிட்டிருக்கார்.”

அவள் விலைச் சீட்டை எடுக்க வந்ததையே மறந்து நின்றாள்.

அவள் திரும்பி வந்தபோது மூத்த சகலை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விரலால் தொட்டுக் காட்டினார். காலையில் வாங்கிய அதே மாடல். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“கடையில பார்வைக்கு வைக்கிறதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். இவனுக்குக் கொடுக்கப்போறதைக் கொண்டாங்க. நான் பார்க்கணும்.”

அந்த மாடலில் பார்வைக்கு வைத்தது போக இருந்தது ஒன்றே ஒன்று. வேறு வழியில்லை, உள்ளே வைத்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூத்தவர் லேப்டாப்பை வெளியே எடுத்து மூடியைத் திறந்தார்.

திரை ஒளிர்ந்தது. நட்டநடுவில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், இனிஷியலோடு. கீழே கடவுச்சொல் கேட்டு ஒரு கட்டம்.

காலையில் அவளேதான் எல்லாவற்றையும் பதிந்து கொடுத்திருந்தாள். அதை அழிக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மூத்தவர் பெயரைப் பார்த்தார். பெட்டியில் கிழிபட்டிருந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர், கூரையில் எத்தனை விளக்குகள் என்று எண்ணுகிறவரைப் போல அண்ணாந்து நின்றார்.

மூத்தவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அவர் திரையின் ஓரத்திலிருந்த விரல் தடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். சத்தமில்லாமல் மூடியைச் சாத்தினார்.

“நல்ல பீஸ்தான். இதையே எடுத்துக்கோ.”

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் தானே தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதை வைக்க ஒரு பை வேணும்ல? இங்கே வேணாம். நடந்தே போய் நாலு கடை ஏறி இறங்கிப் பார்ப்போம், வா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”