பாலம் மூடப்பட்டுள்ளது

“அந்தப் பாலத்து மேல என் நாயைக்கூட நடக்க விடமாட்டேன் கண்ணு. நீங்க காரை ஓட்டிக்கிட்டுப் போறேங்கறீங்களே!” என்றார் மேயர் நோலீன், மதிப்பீட்டாளரின் தட்டில் இன்னொரு தேங்காய்ப்பூ கேக்கை வைத்தபடி.

லிண்ட்சி குவெய்ல் கேக்கை ஒரு பார்வை, மேயரை ஒரு பார்வை பார்த்தார். வில்காமியர் ஊர் மன்றத்துக்குச் சொந்தமான ரோடு, பாலம், சாக்கடை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் விலை போட வந்த மனிதர். காலையிலிருந்து ஒன்றையும் விடவில்லை. பூங்காவில் நாய்களுக்கு வைத்த தண்ணீர்க் குழாயைக்கூடத் திறந்து மூடிப் பார்த்துவிட்டார். பாக்கி ஈமு ஓடைப் பாலம் மட்டும்தான்.

“பார்க்காம எப்படிங்க விலை போடறது?”

“விலை எதுக்கு? சைபர் போடுங்க. ‘பாலம் மூடப்பட்டுள்ளது’ன்னு பலகையே நட்டாச்சு. இந்தாங்க, போட்டோ.”

போட்டோவில் பாலத்தின் மரப்பலகைகள் உளுத்துக் கிடந்தன. ஒரு தூண் நன்றாகக் குடித்தவன் போல் சாய்ந்திருந்தது.

லிண்ட்சி சிரித்தார். “நானும் எத்தனையோ ஊர் பார்த்துட்டேன். உளுத்த பாலத்துக்கு பெயின்ட் அடிச்சு, புத்தம் புதுசும்பாங்க. தன் பாலத்தைத் தானே திட்டற மேயரை இப்பத்தான் பார்க்கறேன்.”

“பொய் சொன்னா எனக்கு நாக்கு குழறும்” என்றார் நோலீன், குழறாமல்.

லிண்ட்சி எதிரே இருந்த மன்றத்து இன்ஜினியர் பக்கம் திரும்பினார். இன்ஜினியருக்குத் தலை செம்பட்டை. அதனால், எதையும் தலைகீழாகச் சொல்லும் எங்கள் பக்கத்து வழக்கப்படி பெயர் புளூயி, அதாவது நீலம்.

“ஏன் தம்பி, இதை எந்த மடையன் கட்டினான்?”

புளூயியின் காது, தலைமுடி நிறத்துக்குப் போனது. “அப்படி ஒண்ணும் மோசம்னு...”

மேஜைக்கு அடியில் மேயரின் செருப்பு வேலை செய்தது.

“மோசம்தான். ரொம்ப மோசம்.”

“தூணை எல்லாம் ஐஸ் குச்சியில செஞ்சானா?”

புளூயி டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டான். இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் அழுதுவிடுவான் போலிருந்தது.

“அவனை விடுங்க லிண்ட்சி. என் கவலை வேற” என்றார் நோலீன். “ரெண்டு வருஷமா எங்க கணக்கு நஷ்டம். இந்த வருஷமும் நஷ்டம்னா எங்களைப் பக்கத்து நகரத்தோட சேர்த்துடுவாங்க. வில்காமியருக்குன்னு ஒரு மன்றமே இருக்காது. லைப்ரரியைப் பூட்டுவாங்க. இவனுக்கு வேலை போகும். பாட்டி காலத்துலேருந்து இது எங்க மன்றம்...”

லிண்ட்சி மெல்லுவதை நிறுத்தினார்.

“எனக்குத் தெரியாதா? எங்க ஊரும் அப்படிப் போனதுதான். ஒரு மகராசன் நீச்சல் குளம் கட்டி இனாமாக் கொடுத்தான். ஊரே கை தட்டிச்சு. குளம் இனாம்தான், தேய்மானம் இனாமா? புதுசா ஒரு சொத்து வந்தா, அது தேயறதை வருஷா வருஷம் செலவுன்னு எழுதியாகணுமே! எழுதி எழுதியே கணக்கு அந்தக் குளத்துல முழுகிப் போச்சு. மன்றத்தைக் கலைச்சுட்டாங்க. இப்ப ரோட்டுல குழின்னா எங்கேயோ ஒரு நம்பருக்கு போன் போட்டு, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு உட்கார்ந்திருக்கோம்.”

கேக் மேல் வந்து உட்கார்ந்த ஈயைக்கூட யாரும் விரட்டவில்லை.

லிண்ட்சி பேனாவைத் திறந்து, சொல்லிக்கொண்டே எழுதினார். “ஈமு ஓடைப் பாலம். நிலைமை, அஞ்சு. மதிப்பு, சைபர்.”

அவர்கள் தொழிலில் ஒன்று என்றால் நல்லது, ஐந்து என்றால் குப்பை. குப்பை என்று கேட்டதும் நோலீனின் முகம் மலர்ந்தது. மிச்ச கேக்கையெல்லாம் அவரே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

லிண்ட்சி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து புளூயியின் தோளில் கை வைத்தார்.

“பலகை பிரமாதம் தம்பி. ஆனா ஊர்ப்பக்கக் கரையில மட்டும்தானே நட்டிருக்கீங்க? நான் என் தங்கச்சி பண்ணையில தங்கிட்டு அந்தக் கரையிலேருந்து வந்தேன். எனக்கு முன்னாடி மூணு அடுக்கு ஆடு ஏத்தின லாரி போச்சு. பாலம் முனகக்கூட இல்ல. பண்ணைக்காரங்க இனாமா இரும்பு வாங்கிப் போட, போட்டோவில இருக்கற பழசைப் பிரிச்சுட்டு நீ லீவு நாள்ல நின்னு கட்டினியாமே? ரொம்ப நல்லாக் கட்டியிருக்கே.”

“லி... லிண்ட்...” நோலீனுக்கு இப்போதுதான் நாக்கு குழறியது.

“கேக் நல்லா இருந்துச்சு மேயரம்மா. அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள அந்தக் கரையிலயும் ஒரு பலகை நட்டு வைங்க.”