விரதக்காரர் வயிறு

"மூணு நாளைக்குக் காய், கீரை, பழம், சோளம் எதுவும் கூடாது. கடைசி நாள் முழுக்கத் தண்ணியும் வடிகட்டின சூப்பும்தான். ராத்திரி இந்த மருந்து. முடியுமா ஐயா?"

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அந்தக் குடல் கிளினிக்கில் டாக்டர் தேன்மொழி இப்படிக் கேட்டதுதான் தாமதம். சோமசேகரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னையா கேக்குறீங்க? கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணியில இருக்கிற உடம்பு டாக்டர் இது! கோயில்ல ஒன்பது தடவை பொன்னாடை போட்டிருக்காங்க. ஒரு நாள் எல்லாம் எனக்குச் சும்மா லா!"

டாக்டர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ரத்தம் போகுது. உங்க அண்ணன் குடல் புற்றுநோயில தவறியிருக்கார். உள்ளே சுத்தமா இருந்தாத்தான் கேமராவுல ஏதாவது தெரியும். இல்லேன்னா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். விளையாட்டில்லை."

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது டாக்டர்" என்று மனைவி செல்லப்பாக்கியம் பெருமையோடு எழுந்துகொண்டாள்.

கூட வந்த மருமகள் ரீத்தாதான் அந்தக் குறிப்புத் தாளை வாங்கி, வரி விடாமல் படித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ரீத்தா வேதக்காரப் பெண், யோங் பெங்கில் பிறந்தவள். மகன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான், என்ன செய்வது! சஷ்டி ஆறு நாளும் அவள் அடுப்படியில் கால் வைக்கக் கூடாது என்பது செல்லப்பாக்கியம் போட்ட சட்டம். அவள் கை பட்டால் மாமனாரின் விரதம் கெட்டுவிடுமாம். பசித்தால் கடையில் வாங்கித் தின்றுகொள்ள வேண்டியதுதான்.

பரிசோதனை நாளும் வந்தது. கோயில் செயலாளர் விஜயன் விபூதிப் பொட்டலத்தோடு கிளினிக்குக்கே வந்துவிட்டார். சோமசேகரத்தை உள்ளே அழைத்துப் போனதும், செல்லப்பாக்கியம் வெளியே ஆரம்பித்தாள்.

"நேத்து முழுக்க வெறும் தண்ணியும் சூப்பும்தான் தம்பி. அந்த நிலைமையிலயும் சாயங்காலம் கோயிலுக்குப் போயே தீருவேன்னு நடந்தே போனாரு. வந்துதான் மருந்தைக் குடிச்சாரு."

விஜயன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த சஷ்டிக்கு ஐயாவுக்கு ஆளுயர மாலை போட்டுருவோம்க்கா."

"நீங்க அவருக்கு மாலை போடுறீங்க. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே!" செல்லப்பாக்கியம் குரலைத் தாழ்த்துவது போலப் பாவனை செய்தாளே தவிர, இரண்டு நாற்காலி தள்ளி இருந்த ரீத்தாவுக்குக் கேட்க வேண்டிய அளவுக்குச் சத்தமாகவே பேசினாள். "போன சஷ்டிக்கு, மூணாம் நாள். கையில ரொட்டி சானாய் பொட்டலத்தோட பின்னால ஸ்டோர் ரூமுக்குப் பதுங்கிப் பதுங்கிப் போகுது. பெரிய மனுஷன் பட்டினி கிடக்குற வீட்டுல திருட்டுத் தீனி! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"சேச்சே" என்றார் விஜயன்.

ரீத்தா கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"பாதியிலேயே நிறுத்திட்டேன்மா. உள்ள ஒண்ணும் பார்க்க முடியல. ஒரே சோளம்."

"அலமாக்! சோளமா?" என்றார் விஜயன்.

"முழுசு முழுசா. மெல்லாம முழுங்கியிருக்காரு. நேத்து சாப்பிட்டதாத்தான் இருக்கணும். இனி ரெண்டு மாசம் காத்திருக்கணும். உள்ளே ஏதாவது இருந்தா அது நமக்காகக் காத்திருக்காது."

செல்லப்பாக்கியத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணனைத் தூக்கிக் கொடுத்த வீடு, பயம் இருக்காதா? ஆனால் அந்தப் பயம் ஒரு நிமிஷம்தான் தாக்குப் பிடித்தது. அடுத்த நிமிஷம் ரீத்தாவின் பக்கம் பாய்ந்தாள்.

"உன் வேலைதானே இது? சூப்புல என்னத்தைடி கலந்த?"

"நான் ஒண்ணும் கலக்கல மாமி. வடிகட்டித்தான் குடுத்தேன்."

"பொய் சொல்லாதே! தண்ணியையும் நீ குடுத்த சூப்பையும் தவிர வேற எதையும் தொடாத மனுஷன் அவரு. அவர் வயித்துல சோளம் தானா முளைச்சுச்சா? நீ திருட்டுத்தனமாத் திங்கிறது பத்தாதுன்னு அவர் உசுரோடயும் விளையாடுறியா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் ரீத்தாவை மேலும் கீழும் பார்த்து உச்சுக் கொட்டினாள். ரீத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு வேண்டாமென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"மயக்க மருந்து இன்னும் முழுசாத் தெளியல. மனசுல இருக்கிறதை எல்லாம் பேசுவாரு. அப்புறம் கேட்டா அவருக்கே ஞாபகம் இருக்காது" என்றார் டாக்டர்.

சோமசேகரம் மெல்லக் கண் திறந்தார். செல்லப்பாக்கியம் "என்னங்க..." என்று குனிந்தாள். விஜயன் பயபக்தியோடு விபூதியை எடுத்து நெற்றிக்குக் கொண்டு போனார்.

இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு அவர் கை ரீத்தாவைத் தேடிப் பிடித்தது. முகத்தில் அப்படி ஒரு மனத்தாங்கல்.

"ஏம்மா ரீத்தா... சஷ்டி ஆறு நாளும் மறக்காம ஸ்டோர்ல ரொட்டி சானாய் வெச்சியே, நேத்து மட்டும் ஏன் வைக்கல? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தை வரைக்கும் நானே நடந்து போய் சோளம் வாங்க வேண்டியதாப் போச்சு பாரு!"