நாலு விரல்

விரலின் பலத்தை அறிந்து, அதற்கேற்ப எங்கே அழுத்த வேண்டும் என்று சின்ன விளக்குகளால் காட்டும் கிட்டார் அது. சாம்சனுக்கு முதலில் நான்கு விரலால் அழுத்தும் கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளைக் காட்டியது. பிறகு அதே பாட்டுக்கு மூன்று விரல், இரண்டு விரல். "இப்பல்லாம் ரொம்ப ஈஸியா வருது" என்று மனைவி ரெஜினாவிடம் சந்தோஷப்பட்டார். நரம்பு நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பிள்ளைகளுக்கும் வரக்கூடியது என்றார் டாக்டர்.

அவர் இறந்தபின் மகள் ஜெனிலா அந்தப் பாட்டை அதே கிட்டாரில் பழகினாள்.

"அம்மா, இங்க பாரேன். எஃப் கார்டுக்கு இன்னைக்கு மூணு விரல் போதுங்குது. ஈஸியா வருது."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரெஜினா கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"நேத்து மாதிரி நாலு விரல்லயே வாசிடி."

ஜெனிலா வாசித்தாள். சுண்டு விரல் கம்பியில் அழுந்தவில்லை.